பங்குனி இருபது

பிப்ரவரி 14, புதன். சாம்பல் புதன்

நான் என் மகள் இமாக்குலேட்டை வீட்டைவிட்டுத் துரத்தியதாகச் சொல்கிறார்கள். தவறு. அவள் தானாகப் போனாள். பெட்டியை வாசல்வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தது மட்டும்தான் நான். இருபத்தாறு வருடமாக இந்தப் பிழையைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நானே திருத்தி எழுதி வைக்கிறேன்.

தவக்காலத்தின் முதல் நாளான இன்று காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாதா சபைத் தலைவி வழிமறித்தாள். "பேத்திக்குக் கல்யாணமாமே, போவியளா?" என்றாள். "தபசு காலத்துல கல்யாணப் பேச்சு எதுக்கு?" என்று கேட்டேன். பூசையின்போது எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவள்தான். எண்பது வயதானாலும் நற்செய்தி வாசிக்கும்போது நான் உட்கார்வதில்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

பேத்தி ஜெனிட்டாவுக்கு ஏப்ரல் 24-இல் மணியாச்சிக் கோவிலில் திருமணம். இமாக்குலேட் எழுதியிருக்கிறாள்: "அம்மா, பத்திரிகையில் உங்கள் பெயரைப் போடலாமா? மாமா பெயருக்குப் பக்கத்தில் வரும். ஏப்ரல் 5 அன்று அச்சுக்குப் போகிறது. சரி என்றால் ஒரு வரி எழுதுங்கள்." மாமா என்று அவள் சொல்வது அவளுடைய மாமனாரை, பெயர் செபமாலை, ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது.

வேலை இதுதான். என் அப்பாவின் ஊரான பனையடிக்குளத்தில் சூசையப்பர் கோவிலுக்கு இந்த வருடம் நூற்றைம்பது வயது. விழா மலர் போடுகிறார்கள். பங்குச் சாமியார் ஆல்வின், பழைய குடும்பங்களின் வரலாற்றைச் சான்றோடு எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார். எங்கள் வரலாறு ஊருக்கே தெரியும். கொள்ளுத் தாத்தா சூசையும் கொள்ளுப் பாட்டி மரியாயும் அந்தக் கோவிலில் திருமணம் செய்த முதல் தம்பதி. ஸ்ரீமுக வருஷம் பங்குனி 20, அதாவது 1874. இருந்தாலும் சான்று கேட்பது நியாயம். என் கணவர் மிக்கேல் சார்பதிவாளராக இருந்தவர். நகலில் ஓர் எழுத்து பிசகினாலும் பத்திரத்தைத் திருப்பி அனுப்புவார். திருமணப் பதிவேட்டில் அந்த ஒரு வரியை எடுத்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

வாடகைக் காரில் பனையடிக்குளம் போனேன். துணைக்குச் செல்வமரி வந்தாள். நாற்பது வருடமாக என் சமையலறை அவள் கையில் இருக்கிறது, என் பொறுமையும்.

கோவில் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை இருதயராஜ் பதிவேட்டைச் சிவப்புத் துணியிலிருந்து பிரித்து வைத்தார். லத்தீன் மொழி, பிரெஞ்சுச் சாமியாரின் கையெழுத்து. கான்வென்டில் மதர் சுப்பீரியர் எங்களுக்கு லத்தீன் செபங்களைப் பிரம்போடு கற்பித்தவர். அதனால் எனக்குச் சிரமமில்லை.

முதல் பதிவு எங்களுடையது அல்ல. யாரோ ஓர் அந்தோணி, யாரோ ஒரு சவேரியாள், ஜனவரி 26.

"முன்னால ஒரு பக்கம் போயிருக்கு" என்றேன்.

"பக்க நம்பர் ஒண்ணுல இருந்துதான் இருக்கும்மா."

"ஒண்ணுக்கு முன்னால?"

"ஒண்ணுக்கு முன்னால அட்டைதாம்மா இருக்கும்."

செல்வமரி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

1874-ஐயும் 1875-ஐயும் முழுக்கப் பார்த்தோம். இல்லை. இருதயராஜ் நல்ல மனிதர்தான், ஆனால் நிறுத்தத் தெரியாது. "அம்மா, மேல் தட்டுல இன்னொரு புஸ்தகம் இருக்கு. புதுசா ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேந்தவங்க புஸ்தகம், பஞ்சத்தப்ப எழுதுனது. அதையும் ஒரு பார்வ பாத்துருவமா?"

"அது வேற ஆட்களுக்கு. நாங்க அதுல வர மாட்டோம்."

"அப்ப சரிம்மா" என்று துணியைக் கட்டினார்.

பிப்ரவரி 17, சனி

அலுவலகத்தில் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளிலிருந்து இரண்டு வருடத் திருமணங்களையும் தேதி வரிசையில் சுத்தப் பிரதி எடுத்தேன். முப்பத்தொன்று. முழங்கால் வலி.

பிப்ரவரி 23, வெள்ளி

மறுபடியும் பனையடிக்குளம். இம்முறை குழந்தைகள் ஞானஸ்நானப் பதிவேடு. தாத்தா சந்தியாகு 1875-இல் பிறந்தவர். அவருடைய பெயரும் இல்லை. கரையான் அரித்த இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில்தான் இருந்திருக்க வேண்டும். திருமணத்தைப் பொறுத்தவரை, கொள்ளுப் பாட்டியின் சொந்த ஊர் கடற்கரைப் பக்கம் என்று அப்பா சொல்வார். பெண்ணின் ஊர்க் கோவிலில்தான் திருமணத்தை எழுதுவது வழக்கம். எனவே கடற்கரைப் பங்குக் கோவில்கள் நான்குக்கும் கடிதம் எழுதினேன். பதில் உறையும் வைத்தேன்.

தபால்பெட்டியில் போடச் சொல்லி நான்கையும் செல்வமரியிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள்.

"நாலுதானா? மணியாச்சிக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லை."

"நல்லாத்தான் இருக்கு. கெடைக்காத கல்யாணத்துக்கு நாலு கடிதாசி போடுதிய. நடக்கப்போற கல்யாணத்துக்கு ஒரு வரி எழுத மாட்டேங்கிய."

அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ரசம் நன்றாக வைப்பாள்.

மார்ச் 4, திங்கள்

கடற்கரையிலிருந்து மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும் இல்லை.

மனம் வேறு பக்கம் போகிறது. போகட்டும். ஆனால் போகிற இடத்தையும் பிழையில்லாமல் எழுத வேண்டும். செபமாலையை நான் முகத்துக்கு நேரே அவமானப்படுத்தினேன் என்பது இரண்டாவது தவறான செய்தி. நடந்தது வருமாறு.

1998-ஆம் வருடம் ஆவணி மாதம் அவர் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். இமாக்குலேட்டும் அந்தப் பையனும் ஒரே வங்கியில் வேலை. வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பைக்குள் ரயில்வே பெயர் அச்சிட்ட பேனா. என் கணவர் மரியாதைக்குக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம். அதற்கு மேலும் சொன்னார்: "எங்க தாத்தா தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சித் தொட்டிக்கு வந்தவருங்க. ஏழு வயசுப் பையன், அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போய்ட்டாவ. சாமியாரு ஊத்துன கஞ்சியில பொழச்சாரு. அந்தக் கையாலயே ஞானஸ்நானமும் வாங்கிக்கிட்டாரு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கமே இல்லை. ஏதோ பட்டம் வாங்கியவரின் பேரனைப் போலச் சொன்னார்.

நான் அடுக்களைக்குப் போனேன். என் கணவரைக் கூப்பிட்டேன். அவரிடம்தான் சொன்னேன்: "கஞ்சிக்கு வேதத்துல சேந்த வீட்டுல நாம சம்பந்தம் வைக்கிறதில்ல." அடுக்களையில், என் கணவரிடம் மட்டும் சொன்னேன். கதவு திறந்திருந்தது என்பது உண்மை. என் குரல் எப்போதும் தெளிவானது என்பதும் உண்மை.

முன்னறையில் பேச்சு நின்றது. நான் போனபோது காப்பி டம்ளர் அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. அவர் எழுந்து, "வாரோம்மா" என்று கைகூப்பினார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

இமாக்குலேட் கல்யாணத்தன்று நான் வீட்டில் இருந்தேன். என் கணவர் அலுவலகத்தில் தணிக்கை என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். அன்று அரசு விடுமுறை என்பது பிற்பகலில்தான் ஞாபகம் வந்தது. மாலையில் அவர் சட்டையில் சந்தன வாசனை இருந்தது. நான் கேட்கவில்லை. அவர் இறந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. இனிக் கேட்கவும் முடியாது.

மார்ச் 8, வெள்ளி

நான்காவது பங்கிலிருந்தும் பதில் வந்துவிட்டது. இல்லை. ஆல்வின் சாமியார் போனில் கேட்டார்: "குருத்து ஞாயிறுக்குள்ள கட்டுரை வந்துருமாம்மா?" வந்துவிடும் என்றேன். ஜூபிலித் திருப்பலியில் முதல் மெழுகுதிரியை நான்தான் ஏற்ற வேண்டுமாம், முதல் தம்பதியின் வாரிசு என்பதால். "அது முறைதான்" என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

பரண்மேலிருந்து உருளியை இறக்கச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பங்குனி 20 அன்று பாசிப்பருப்புப் பாயசம் வைத்து மூன்று வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். கொள்ளுத் தாத்தாவின் கல்யாண நாள் அது. பாயசம் வைப்பது அவர்களுக்குச் சீதனமாக வந்த அதே வெண்கல உருளியில். பங்குனி 20 பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். ஊரே இனிப்பை ஒதுக்கி வைத்திருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் மட்டும் வெல்லம் மணக்கும். அந்த ஒரு நாளுக்கு எங்கள் குடும்பத்துக்கு மட்டும் மறைமாவட்ட ஆயர் அனுமதி கொடுத்ததாக அப்பா சொல்வார். சிறு வயதில் எனக்கு அதில் பெரிய பெருமை. கான்வென்டில் சொல்லி, மதர் சுப்பீரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செல்வமரி உருளியைப் புளி போட்டுத் தேய்த்தாள். விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து: ஸ்ரீமுக வருஷம், பங்குனி 20. அதற்கு முன்னால் பெயர்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

"இந்த இடம் மட்டும் வழுவழுன்னு இருக்கும்மா. அரம் போட்ட மாதிரி."

"நூத்தம்பது வருஷம் புளி போட்டுத் தேச்சா அப்படித்தான் ஆகும்."

"அப்ப தேதி ஏன் தேயல?"

முருங்கைக்காய் அடுப்பில் இருப்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

அவள் விடவில்லை. தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டே அடுக்களையிலிருந்து சொன்னாள்: "இந்த வருஷம் ஆயர் அனுமதி வேண்டாம்மா. ஈஸ்டர் முந்தியே வந்துருது. பங்குனி இருபது ஈஸ்டர் கழிச்சு ரெண்டாம் நாளு."

சரிதான். இந்த வருடம் தவக்காலம் முன்பே முடிகிறது. அப்படியானால் 1874-இல் எப்போது முடிந்தது என்று பார்க்கத் தோன்றியது. ஆயர் அனுமதிக் கதையைக் கட்டுரையில் சேர்க்கலாமே என்றுதான் பார்த்தேன். வேறு நோக்கம் இல்லை. அதற்குப் பஞ்சாங்கம்கூடத் தேவைப்படவில்லை. நான் எழுதிய சுத்தப் பிரதி போதும்.

1874 திருமணங்கள்: ஜனவரி 26. பிப்ரவரி 2. பிப்ரவரி 9, அன்று இரண்டு. பிப்ரவரி 16, அன்று மூன்று. அடுத்தது ஏப்ரல் 13.

இடையில் எட்டு வாரம் ஒன்றுமே இல்லை. என் கையாலேயே எழுதி, கோடு போட்டு, வரிசை எண் கொடுத்திருக்கிறேன். அந்த இடைவெளி என்னவென்று முதல் நன்மை வாங்கிய எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். தபசு காலத்தில் கோவிலில் தாலி கட்டுவதில்லை. 1874-இல் பங்குனி 20 மார்ச் மாதக் கடைசியில் வருகிறது. அந்த எட்டு வாரத்துக்குள் விழுகிறது.

எண்பது வருடமாக அந்தப் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, புதன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 15, வெள்ளி

ஒருவேளை ஆயர் அனுமதி கொடுத்தது பாயசத்துக்கு அல்ல, கல்யாணத்துக்கே இருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு.

மார்ச் 19, செவ்வாய். சூசையப்பர் திருநாள்

பனையடிக்குளத்தில் திருநாள் பூசை. முடிந்ததும் ஆல்வின் சாமியாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என் பேரன் வயது. ஆனால் திருச்சபைச் சட்டம் படித்தவர்.

"ஃபாதர், அந்தக் காலத்துல தபசு காலத்துல விதிவிலக்கு வாங்கிக் கல்யாணம் வைக்கிறது உண்டா?"

"அபூர்வமா உண்டும்மா. அவசரம்னா, ஆடம்பரம் இல்லாம. என்னைக்கு?"

"1874-ல பங்குனி இருபது."

அவர் கைப்பேசியில் எதையோ பார்த்தார். "அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 5. அப்போ நீங்க சொல்ற தேதி ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்து நடுவுல வருது. பெரிய வாரத்துல எந்தச் சாமியாரும் கல்யாணம் செஞ்சு வச்சிருக்க மாட்டாரும்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பங்குனியில கல்யாணம் வைக்கிறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். உத்திரத்தை ஒட்டி நாள் பாக்கிறவங்க."

"வெயில் ஏறுது, வாரேன் ஃபாதர்" என்றேன்.

காருக்கு வரும் வழியில் இருதயராஜ் அலுவலக வாசலில் நின்றிருந்தார். கதவைத் திறந்து மட்டும் வைத்திருந்தார். நான் காரில் ஏறிவிட்டேன்.

மார்ச் 20, புதன்

தலைவலி. கஞ்சி வைக்கட்டுமா என்றாள் செல்வமரி. வேண்டாம் என்றேன்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

கட்டுரைக்குக் கடைசி நாள். எழுதி முடித்தது மேசையில் இருக்கிறது. "வாய்மொழி மரபின்படி முதல் தம்பதி" என்று ஒரு சொற்றொடரைக் கண்டுபிடித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பத்திரம் என் கணவரின் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "மூல ஆவணம் எங்கம்மா?" என்பார். கோபப்பட மாட்டார். திருப்பிக் கொடுப்பார்.

அனுப்பவில்லை.

மார்ச் 26, செவ்வாய். பெரிய வாரம்

போனேன். செல்வமரியைக் காரிலேயே இருக்கச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, கூடவே வந்து பக்கத்தில் நின்றாள்.

"இருதயராஜ், அந்தப் புஸ்தகத்தை எடுங்க."

எந்தப் புத்தகம் என்று அவர் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டிலிருந்து எடுத்தார். மற்றவற்றைவிட மெலிந்த புத்தகம், மை பழுப்பேறியிருந்தது. 1877 செப்டம்பர். ஒரே நாளில் நாற்பத்துமூன்று பேர். அன்று அந்தச் சாமியாரின் கையெழுத்து நன்றாக இல்லை. அவசரமும் களைப்பும் தெரிந்தன. என் விரல் முப்பத்தொன்றில் நின்றது. நானே வாசித்தேன்.

முப்பத்தொன்று: சுப்பையா, வயது இருபத்தைந்து, இன்று முதல் யோசேப்பு.

முப்பத்திரண்டு: இசக்கி, அவன் மனைவி, வயது இருபது, இன்று முதல் மரியா.

முப்பத்துமூன்று: அவர்கள் மகன், வயது இரண்டு, யாக்கோபு.

யோசேப்பு என்றால் சூசை. யாக்கோபு என்றால் எங்கள் பக்கத்தில் சந்தியாகு. என் தாத்தா சந்தியாகு, எனக்கு ஐந்து வயதாகும்வரை உயிரோடு இருந்தவர். பூசைக்குப் போகாத வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்.

முப்பத்திரண்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அதைப் படிக்கச் சற்று நேரம் ஆனது. "பசியால் இவளுக்கு நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே கொடுத்தேன்."

ஆல்வின் சாமியார் வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

"அப்ப இவங்க கல்யாணத்தை எங்க எழுதியிருக்கு, ஃபாதர்?" என்று கேட்டேன். குரலைச் சரியாகத்தான் வைத்திருந்தேன்.

"எங்கயும் எழுத மாட்டாங்கம்மா. அவங்க ஏற்கெனவே புருஷன் பொண்டாட்டி. முறையா கல்யாணம் பண்ணி வந்தவங்க ரெண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்குனா, திரும்பத் தாலி கட்ட வேண்டியதில்ல. ரெண்டாவது ஆளு தலையில தண்ணி பட்ட அந்த நிமிஷமே பழைய கல்யாணம் திருச்சபை ஏத்துக்கிற மெய்விவாகம் ஆயிருது. புதுசா ஒண்ணும் நடக்காது. அதனாலதான் புஸ்தகத்துல இல்ல."

அதாவது நான் தேடிய திருமணம் இந்தக் கோவிலில் நடக்கவே இல்லை. அது அதற்கு முன்பே, பங்குனி உத்திரத்தை ஒட்டி, ஏதோ ஒரு பந்தலில் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டாம் எண்ணுக்காரி உட்கார்ந்திருந்தபோது அது கோவிலுக்குள் வந்தது.

சாமியார் நல்ல எண்ணத்தில் சொன்னார்: "மலர்ல இதெல்லாம் விவரமாப் போட வேண்டியதில்லம்மா. 'பங்கின் தொன்மையான குடும்பம்'னு ஒரு வரி போதும். அது உண்மைதான?"

"நாளைக்கு யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட்டில் கார் நின்றது. செல்வமரி கேட்டாள்: "அந்தப் பொம்பள பெறகு நல்லா சாப்புட்டாளாம்மா?"

"நாலு புள்ள பெத்தா. எழுபது வயசு வரைக்கும் இருந்தா."

"அப்ப சாப்புட்டுருக்கா" என்றாள்.

மார்ச் 27, புதன்

உருளியின் வழுவழுப்பான இடத்தில் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். கான்வென்டில் இலை நரம்புகளை இப்படித்தான் படியெடுப்போம். முதல் பெயர் முழுக்கப் போய்விட்டது. இரண்டாவதில் 'சக்கி' என்று மங்கலாக எழுந்தது.

அரம் போட்டவர் அப்பாவா தாத்தாவா, தெரியவில்லை. சுத்தமான வேலை. விளிம்பு கெடாமல், தேதி அழியாமல் தேய்த்திருக்கிறார்கள். நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மார்ச் 28, பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். நான் சொன்னதைக் குருவானவர் கேட்டுவிட்டு, "இதைச் சொல்ல வேண்டிய ஆள் உயிரோட இருக்காரா?" என்றார். இருக்கிறார் என்றேன். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

உபவாசம். மதியம் ஒருவேளைக் கஞ்சி.

மார்ச் 30, சனி

மலருக்குக் கட்டுரை அனுப்பினேன். ஒரு பக்கம்தான். மூன்று பதிவுகளையும் எண்ணோடும் பழைய பெயர்களோடும் ஓரக் குறிப்போடும் அப்படியே மொழிபெயர்த்து, கீழே கையெழுத்திட்டேன். முதல் திரியை ஏற்ற அந்தோணி, சவேரியாள் தம்பதியின் வாரிசுகளைத் தேடும்படி தனியாக ஒரு குறிப்பும் வைத்தேன். சாமியார் போன் செய்து, "நிச்சயமாவா அம்மா?" என்றார். "ஓர் எழுத்தும் மாறக் கூடாது" என்றேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

காலைப் பூசை. மாதா சபைத் தலைவி வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டாள். நற்செய்தி வாசிக்கும்போது உட்கார்ந்துகொண்டேன். அவள் பயந்துபோய், "மேலுக்கு முடியலையா?" என்று காதில் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கேன், பேசாம நில்லு" என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய். பங்குனி 20

பாயசம் நன்றாக வந்தது. வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று நான் சொன்னேன். செல்வமரி இல்லை என்றாள். பக்கத்து வீட்டுக்கும் கான்வென்ட் சிஸ்டர்களுக்கும் கொடுத்தாயிற்று. மூன்றாவது வீட்டுக்கு உரியது தூக்குச்சட்டியில் இருக்கிறது. செல்வமரி பத்தரை மணி ரயிலில் மணியாச்சிக்குக் கொண்டுபோகிறாள். காலையிலேயே பட்டுச்சேலை கட்டித் தயாராக நிற்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கூடவே ஒரு கடிதமும் போகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதன் நகல் இது.

*மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,*

*இந்தச் சொல்லால் உங்களை அழைப்பது இதுவே முதல் முறை. இருபத்தாறு வருடத் தாமதம் என்னுடையது.*

*1998 ஆவணியில் என் வீட்டில் நீங்கள் காதால் கேட்டதை நான் சொன்னேன். அடுக்களையில்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அது தவறு. மன்னிக்கும்படி கேட்கிறேன்.*

*சென்ற வாரம் பனையடிக்குளம் கோவிலில், பஞ்ச வருடத்தில் வேதத்தில் சேர்ந்தவர்களின் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் ஏழு வயதில் தனியாக வந்த உங்கள் தாத்தா இருக்கிறாரா என்று தேடினேன். இல்லை, அவர் வேறு பங்காக இருக்க வேண்டும். என் தாத்தாவின் பெயர் இருக்கிறது, அவருடைய பெற்றோரின் பெயர்களோடு. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டாம் பதிவின் ஓரக் குறிப்பையும் வாசியுங்கள். இது தெரிந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது என்பது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல. ஆனால் அதுதான் உண்மை. அதை மறைத்து எழுத மாட்டேன்.*

*உங்கள் தாத்தா கஞ்சித் தொட்டிக்கு வந்த கதையை நீங்கள் வெட்கமில்லாமல் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் அதே கதையை யாரோ அரத்தால் தேய்த்துவிட்டார்கள். அதனால் எனக்குச் சொல்லக் கதை இல்லை. பாயசம் மட்டும் இருக்கிறது. அது அவர்களுடைய கல்யாண நாள் பாயசம். குடிப்பதும் குடிக்காமல் விடுவதும் உங்கள் விருப்பம்.*

*ஜெனிட்டாவின் பத்திரிகையில் என் பெயரைப் போடலாமா என்று இமாக்குலேட் என்னைக் கேட்டிருந்தாள். அவள் கேட்டிருக்க வேண்டியது உங்களை. பத்திரிகை 5-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வருவதில் உங்களுக்குச் சம்மதம்தானா என்பதை உங்கள் கையால் எழுதி, செல்வமரியிடமே கொடுத்தனுப்புங்கள். அவள் காத்திருப்பாள். போனில் சொல்ல வேண்டாம். ஒரு வரி போதும்.*

*பெலிசிட்டா மிக்கேல்*